கொல்லைப்புறக் கேள்விகள்: குஞ்சைத் தொட்டால் தாய் திரும்பாதா?

சித்திரை பிறந்தால் தபாலில் வருவதெல்லாம் கூட்டைப் பற்றித்தான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அப்படி. மீதிப் பாதி மாவுப்பூச்சி, மயில். ஒரு கடிதம் மட்டும் என்னைத் திட்டி வந்திருக்கிறது, அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

செடி, குருவி என்று லேசாகப் பேசும் பத்திரிகைக்கு எதற்குச் சந்தா, எல்லாம்தான் செல்பேசியில் கிடைக்கிறதே என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கோ மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தபடி இதைப் புரட்டினால்தான் அன்றைய நாள் நிறைகிறது. அவருக்கு என்ன பதில் சொல்வது அக்கா?
— வாசகி, மன்னார்குடி

பதிலே சொல்ல வேண்டாம், பத்திரிகையைத் திண்ணையில் விட்டுவிட்டுக் காபி போடப் போங்கள், திரும்பி வரும்போது அவர் கையில் இருக்கும். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. செல்பேசியை நான் குறை சொல்ல மாட்டேன், பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி என்னிடமும் இருக்கிறது. ஆனால் இட்லிப்பூச் செடிக்கு என்ன உரம் என்று கேட்டால் அது உரத்தை மட்டும்தான் சொல்லும், அந்தச் செடியின் இலையை ஒரு தையல்சிட்டு தைத்துக்கொண்டிருக்கலாம், வெட்டுமுன் ஒரு தடவை உள்ளே எட்டிப் பாருங்கள் என்று சொல்லாது.

லேசாக எழுதுவது லேசான வேலையும் இல்லை. மா. கிருஷ்ணன் 1950-லிருந்து 1996-ல் காலமாகும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். காட்டு யானையை எழுதிய அதே மனிதர்தான் சென்னையில் வீட்டைச் சுற்றிக் கண்ணில் பட்டதையும் அதே அக்கறையோடு எழுதினார். நாற்பத்தாறு வருடம்! வீணாக இருந்திருந்தால் அவ்வளவு காலம் யார் படித்திருப்பார்கள்?

துணி காயப்போடும் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. மூன்று வாரமாக அந்தப் பக்கமே துணி போடவில்லை. இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? மாமியார் வேறு முணுமுணுக்கிறார்.
— வாசகி, கும்பகோணம்

இன்னும் ஏறக்குறைய மூன்று வாரம், மாமியாரிடம் ஒரு மாதம் என்று சொல்லி வையுங்கள். கூடு கட்டி முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அப்புறம் பெரும்பாலும் இரண்டு முட்டை, அடைகாப்பு ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னொரு இரண்டு வாரம். கட்டுகிற வேலை முக்கால்வாசி பெட்டையுடையதுதான், அடைகாப்பதும் அதுவே. மினுமினுக்கும் சேவல் பக்கத்தில் உட்கார்ந்து கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும், குஞ்சு பொரித்த பிறகுதான் இரை கொண்டுவரும் வேலையில் பங்கெடுக்கும். இதைச் சொன்னால் மாமியார் பெட்டைக்குப் பரிந்து பேச ஆரம்பித்துவிடலாம், முயன்று பாருங்கள்.

அந்தக் கூட்டை ஒரு பத்தடி தள்ளி நின்று நிதானமாகப் பாருங்கள். சிலந்தி நூலால் கட்டிய பை அது. மேலே காய்ந்த சருகு, மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம் எல்லாம் ஒட்டியிருப்பதால் எங்கோ சிக்கித் தொங்குகிற குப்பை மாதிரி தெரியும், காக்கையை ஏமாற்ற அதுதான் வழி. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே மழைத்தண்ணீர் உள்ளே வராமல் நம் வீட்டுத் தாழ்வாரம் மாதிரி சின்னதாக ஒரு நீட்டல். மனிதர் புழங்குகிற இடமாகப் பார்த்து அது கட்டுவதற்குக் காரணமும் காக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதனால் அந்தப் பக்கம் போகவே கூடாது என்று ஒதுங்க வேண்டாம். கொடியின் மறுகோடியில் கொடி ஆடாத மாதிரி லேசான துணிகளைப் போடலாம். போர்வை மட்டும் வேண்டாம். கூட்டருகே செல்பேசியை நீட்டிப் படம் எடுப்பதும் வேண்டாம்.

கீழே விழுந்து கிடந்த சின்னான் குஞ்சை என் மகள் எடுத்து வந்துவிட்டாள். மனித வாடை பட்டதால் தாய் சேர்க்காது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பால் கொடுக்கலாமா?
— வாசகர், விருத்தாசலம்

பால் வேண்டாம், ரொட்டி வேண்டாம், அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றவே வேண்டாம். மூச்சுக்குழாயில் போய்விட்டால் உங்கள் கையிலேயே செத்துப்போகும். வாடை பட்டால் தாய் ஒதுக்கும் என்பதை என் பாட்டியும் சொல்லித்தான் வளர்த்தார், ஆனால் அது உண்மை இல்லை. நம் தோட்டத்துக் குருவிகள் குஞ்சை மோப்பம் பிடித்து அடையாளம் காண்பதில்லை. திறந்த வாயும் பசிக் குரலும்தான் அவற்றுக்கு முக்கியம்.

முதலில் குஞ்சைப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதா? அப்படியென்றால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. எடுத்த இடத்துக்கே கொண்டுபோய், பூனைக்கு எட்டாத கிளையில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் தாய் வராது. அரை மணி நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும். இறகே இல்லாத சிவந்த குஞ்சென்றால் கூட்டில் திரும்ப வையுங்கள். கூடு பிய்ந்திருந்தால் சின்னக் கூடை ஒன்றில் காய்ந்த புல்லைப் போட்டு அதே கிளையில் கட்டி உள்ளே வைக்கலாம். மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், வளர்க்கும் ஆசையை மட்டும் நயமாகத் தடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் பறவைகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டுக் கிளிக்கும் அதே சட்டம்தான். அதைச் சொன்னால் இன்னும் நிறையப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள்.

வாசலில் நிறுத்தும் பைக் கண்ணாடியைக் கறுப்பு வெள்ளைக் குருவி ஒன்று நாள் முழுக்கக் கொத்துகிறது. ஏதாவது தோஷமா?
— வாசகர், நாமக்கல்

தோஷம் இல்லை, பொறாமை. குண்டுகரிச்சான் சேவலாக இருக்கும். தன் எல்லைக்குள் இன்னொரு சேவல் வந்துவிட்டதாக நினைத்துத் தன் பிம்பத்தோடேயே சண்டை போடுகிறது. கண்ணாடி மேல் பழைய காலுறை ஒன்றை மாட்டுங்கள். தீர்ந்தது.

பப்பாளி, செம்பருத்தி இரண்டிலும் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தும் போகவில்லை. அதைவிடக் கவலை, தினமும் வரும் தேன்சிட்டு இப்போது வருவதில்லை. மருந்து காரணமாக இருக்குமா?
— வாசகி, ஈரோடு

உங்கள் கொங்குப் பக்கத்திலிருந்தே இந்தக் கேள்வி வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் கதை சொல்கிறேன். பப்பாளி மாவுப்பூச்சி நம் நாட்டுப் பூச்சி இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டார்கள். அடுத்த இரண்டு வருடம் கொங்குப் பகுதியில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்று விடாமல் வெள்ளை பூத்து நின்றது உங்களுக்கே நினைவிருக்கலாம். மருந்து மேல் மருந்தாக அடித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அதன் உடம்பில் இருக்கும் மெழுகுப் பூச்சில் மருந்து ஒட்டாது, அதைத் தின்கிற பூச்சிகள்தான் செத்தன. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட மாட்டாத ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அசிரோபேகஸ் பப்பாயே என்று பெயர். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், உள்ளே வளரும் குளவிப் புழு அதை உள்ளிருந்தே தின்று முடித்துவிடும். மருந்துக்கு அடங்காத பூச்சி சில மாதங்களில் அடங்கியது.

அந்தக் குளவியின் வம்சம் இன்னும் உங்கள் பக்கம் இருக்கும். நீங்கள் மருந்தடிக்காமல் இருந்தால் அதுவே வந்து சேரும். அதற்குள் செய்ய வேண்டியது சிலதுதான். மோசமான இலைகளை வெட்டி எரியுங்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மிச்சத்தைக் கழுவுங்கள். எறும்பை விரட்டுங்கள், இது முக்கியம், மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், இரை தேடி வரும் பூச்சிகளை அண்டவிடாது. மிகவும் தேவையென்றால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும், அதையும் சாயங்காலத்தில், பூக்களில் படாமல்.

ஓர் எச்சரிக்கை. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதே மாதிரி வெள்ளைக் குஞ்சத்தோடு, ஆனால் பெரிதாகவும் சுறுசுறுப்பாக ஓடியும் ஒன்று தெரிந்தால் நசுக்கிவிடாதீர்கள், அது பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. நான் வருடக்கணக்கில் அதைத்தான் முதலில் நசுக்கிக்கொண்டிருந்தேன், பெரிதாக இருக்கிறதே என்று! இன்னொரு விருந்தாளியும் உண்டு. மாவுப்பூச்சியைத் தின்று வளரும் ஒரு சின்னப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு அப்படியே குரங்கு முகம் மாதிரி இருக்கும். செம்பருத்தி இலையில் முதல் தடவை பார்த்தபோது யாரோ பொம்மை ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தேன்சிட்டு வராததற்கு மருந்து காரணமாக இருக்கலாம். பெயர்தான் தேன்சிட்டு, குஞ்சு இருக்கிற காலத்தில் அது தேடுவதெல்லாம் சிலந்தியும் சின்னப் பூச்சியும்தான். அதை ஒழித்துவிட்டு வெறும் பூவைக் காட்டினால் எப்படி வரும்? மருந்தை நிறுத்திப் பாருங்கள்.

கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தேன். மாநகராட்சி ஊழியர் வந்து கொசு உற்பத்தி என்று கொட்டச் சொல்லிவிட்டார். யார் சொல்வது சரி?
— வாசகர், சென்னை அம்பத்தூர்

இரண்டு பேரும் சரி. தண்ணீரைக் கொட்டியதும் நல்லதுதான், இன்று திரும்ப ஊற்றுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தினமும் மாற்றினால் அதற்கு வாய்ப்பே இல்லை. ஆனால் மாற்றினால் மட்டும் போதாது, தட்டின் உள் ஓரத்தைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும், முட்டையை அது விளிம்பில்தான் ஒட்டி வைக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தட்டு எது என்று கேட்டால் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டைப் போல உலகத்தில் வேறொன்று இல்லை. சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்காது, ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது, நடுவில் ஒரு கல்லைப் போட்டுவிட்டால் சின்னக் குருவியும் இறங்கிக் குளிக்கும். எவர்சில்வர் கிண்ணம் வெயிலில் கொதிக்கும், பிளாஸ்டிக் டப்பா காற்றில் பறக்கும்.

பள்ளியில் சிட்டுக்குருவி தினத்துக்குக் கொடுத்த மரப்பெட்டியை மாட்டி ஒரு வருடம் ஆகிறது. ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. செல்பேசிக் கோபுரம்தான் காரணம் என்கிறார்கள். பெட்டியை எடுத்துவிடலாமா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், மதுரை

எடுக்காதே தம்பி. முதலில் கோபுரத்தை விடுதலை செய்துவிடுவோம். அதுதான் குருவியை அழித்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2020-ல் இந்தியப் பறவைகளின் நிலை என்றொரு பெரிய அறிக்கை வந்தது, பறவை பார்ப்பவர்கள் லட்சக்கணக்கில் பதிவு செய்த பட்டியல்களை வைத்துச் செய்தது. நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி இருபத்தைந்து வருடமாக ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அதில் தெரிந்தது. ஓட்டு வீட்டு இறவாணமும் சுவரில் சாய்த்து மாட்டிய தாத்தா படமும் போனதால் கூடு கட்ட இடமில்லை. வாசலில் நெல் காயப்போடுவதில்லை. குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சிதான் ஊட்ட வேண்டும், மண்தரையும் செடியும் இல்லாத தெருவில் அதற்கு எங்கே போகும்?

பெட்டியை இப்படிப் பார். ஓட்டை ஒன்றேகால் அங்குலம் இருந்தால் போதும், பெரிதென்றால் மைனா புகுந்துவிடும். எட்டிலிருந்து பத்தடி உயரம், மேற்கு வெயில் படாத சுவர், பூனை ஏற முடியாத இடம். குருவிக்குக் கூட்டம் பிடிக்கும், முடிந்தால் பக்கத்தில் இன்னும் இரண்டு மாட்டு. முக்கியமான ஒன்று, உன் தெருவில் குருவியே இல்லை என்றால் பெட்டி அதை வரவழைக்காது, நாலு தெரு தள்ளி இருக்கும் குருவி பரவி வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மளிகைக் கடை இருக்கிற தெருவில் போய்ப் பார், அங்கே இருக்கும்.

மாலை ஆறு மணிக்கு இரண்டு சுரத்தில் விசிலடிக்கும் ஒரு குருவி. பச்சை முதுகு, வால் இல்லாத மாதிரி குட்டை, அடிவயிற்றில் சிவப்பு. வாழைக்கு அடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் வந்தது, கொல்லையைச் சுத்தமாகக் கூட்டிய பிறகு காணோம்.
— வாசகி, பேராவூரணி

இந்தக் கடிதம் அக்டோபரில் வந்தது, என் மேசையில் மற்ற தாள்களுக்கு அடியில் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்தது ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு என்று கடிகாரம் மாதிரி கத்துவதால் அந்தப் பெயர். எனக்குப் பிடித்த பெயர் இன்னொன்று, தோட்டக்கள்ளன். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய் வீட்டு வராந்தாவில், சில சமயம் கூடத்துக்குள்ளேயே வந்து விழும். அப்படி நேர்ந்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் சில மணி நேரம் இருட்டில் அமைதியாக வைத்திருந்து, பொழுது சாயும்போது மரநிழலில் திறந்துவிட வேண்டும், காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

கூட்டியதுதான் தப்பு. சருகுக்கு அடியில் இருக்கும் புழுவும் பூச்சியும்தான் அதற்குச் சாப்பாடு, நீங்கள் சமையலறையைப் பூட்டிவிட்டீர்கள். வீட்டில் பாம்புப் பயம் இருக்குமே என்பது தெரியும், எனக்கும் உண்டு. நான் செய்வது இதுதான்: வீட்டை ஒட்டிப் பத்தடி சுத்தமாகக் கூட்டிவிடுவேன், கோடியில் வாழையும் கறிவேப்பிலையும் நிற்கிற மூலையில் துடைப்பம் போகாது. அந்த மூலையில்தான் தவிட்டுக்குருவிக் கூட்டம், அங்கேதான் செண்பகம் நத்தை தேடி நடக்கும், கறிவேப்பிலைப் பழத்துக்குச் சின்னான் வரும். கூட்டின பத்தடியில் எனக்குத் தெரிந்து காக்கையைத் தவிர ஒன்றும் வந்ததில்லை.

மயில் தக்காளி நாற்றைக் கொத்துகிறது, மிளகாயைத் தின்கிறது. அழகு என்று படம் போடுகிறீர்களே, எங்கள் நிலைமை தெரியுமா?
— வாசகர், பொள்ளாச்சி

தெரியும் ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1963-லிருந்து தேசியப் பறவை, சட்டத்தில் உச்சபட்சப் பாதுகாப்பு, ஆகவே விரட்டலாம், துன்புறுத்தக் கூடாது. விஷம் வைப்பது பெரிய குற்றம், சிறையில் போய் முடியும். வீட்டுத் தோட்டம் அளவென்றால் நாற்றங்காலுக்கு மட்டும் நாலு குச்சி நட்டு மேலேயும் வலை போட்டு மூடுங்கள். நாற்று முழங்கால் உயரம் வரும்வரை மூடியிருந்தால் பாதிச் சேதம் குறையும். மினுங்கும் நாடா கட்டினால் ஒரு வாரம் பயப்படும், எட்டாம் நாள் அதன் மேலேயே உட்காரும். ஏக்கர் கணக்கில் பயிர் என்றால் என்னிடம் நல்ல பதில் இல்லை, வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு எழுதிக் கேளுங்கள்.

பறவை பார்க்க இருநோக்கி (பைனாகுலர்) வாங்க ஆசை. 8×42 என்றால் என்ன? எவ்வளவு செலவு செய்யலாம்?
— வாசகர், ஓசூர்

எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். அந்த விட்டம் கூடினால் மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும், கழுத்தும் வலிக்கும். பத்து மடங்குக்கு ஆசைப்படாதீர்கள், கை நடுக்கமும் பத்து மடங்காகும். கொல்லைக்கு மட்டுமென்றால் முதல் வருடம் ஒன்றுமே வேண்டாம். ஜன்னலோரம் ஒரு நாற்காலியும் நோட்டுப் புத்தகமும் போதும். பிப்ரவரியில் நாலு நாள் உலகம் முழுக்க வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து எண்ணினால் நீங்களும் சேர்ந்தாகிவிட்டது. நம் ஊரில் பொங்கல் விடுமுறையிலும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. அதில் கலந்துகொண்ட பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

போன இதழில் "கறுப்புக் குயில் வேப்பமரத்தில் உட்கார்ந்து பாடுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாடுவது ஆண். பறவைப் பக்கம் எழுதுகிறவர் இப்படி எழுதலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவையாறு

எழுதக் கூடாது. கூ... கூ... என்று ஏறிக்கொண்டே போகிற அந்தக் குரல் ஆணுடையது. கறுகறுவென்று, சிவந்த கண்ணோடு இருப்பது அவன்தான். பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருப்பாள், கிக் கிக் என்று வெடுக்கென்ற குரல், பாட்டே கிடையாது. அவள் காக்கைக் கூட்டில் முட்டையிடப் போகிற நேரத்தில் காக்கையை வம்புக்கு இழுத்துத் திசைதிருப்புவதும் சில சமயம் அவன் வேலை. பாட்டுப் பாடும் பெண்ணைக் குயில் என்று சொல்லிச் சொல்லி என் பேனாவும் பழகிவிட்டது. நீங்கள் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு அனுப்பிய பக்கத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வேப்பமரத்தில் ஒருத்தன் விடாமல் கத்திக்கொண்டிருக்கிறான்.